ஆறு முட்டைகளும் ஒரு காலி அட்டையும்

நிதானம் ஒரு திராட்சையை வாயில் போட்டால், அது தொண்டையில் இறங்குவதற்குள் கிஸ்மிஸ் ஆகிவிடும். மிகை என்பீர்கள். சரி, பாதியைக் கழித்துவிடுங்கள். பாதி கிஸ்மிஸ்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அகராதி ஆபீசில் சேர்ந்த முதல் நாளே அது காணாமல் போயிற்று. மதியம் ஒரு மணிக்கு எங்களோடு சாப்பிட உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் அரை மணிதான். நாங்கள் கை கழுவி எழுந்தபோது அவள் டப்பாவில் ஒரு ஓரம்கூடக் கலையவில்லை. மீதியை மேலே மேசைக்கு எடுத்துவந்து, வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் எழுதினாள். நாங்கள் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது டப்பாவை மூடினாள். அன்றைக்கு யாரோ "நல்ல நிதானம்மா உனக்கு" என்றார்கள். அதுவே பெயராகிவிட்டது. இடது கை எழுத்தும் அவளுக்கு அப்படிப் பழகியதுதான்.

எங்கள் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. இரும்புப் படி. யார் ஏறினாலும் படி அவரைப் பற்றி முன்கூட்டியே கோள் சொல்லிவிடும். மேலே நீளமான ஒரே அறை, அதில் முப்பத்திரண்டு இழுப்பறைகள். ஆங்கிலச் சொற்களை அகர வரிசையில் அடுக்காமல் பொருள் பார்த்து வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் எழுதும் வேலை எங்களுடையது. நடப்பதற்கு என்னென்ன சொற்கள், அழுவதற்கு என்னென்ன, ஏமாற்றுவதற்கு என்னென்ன என்று ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஒரு வகை, ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஆள், ஒரு பித்தளைச் சாவி. என்னுடையது தூக்கம், கொட்டாவி, குறட்டை. நிதானத்துக்குக் கிடைத்தது அவசரமாகவும் பேராசையாகவும் தின்பது, குடிப்பது. கொடுத்தவருக்குக் குசும்பு என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அவளைவிட அதற்குத் தகுதியானவர் உலகத்தில் கிடையாது.

கொடுத்தவர் எங்கள் தலைமை ஆசிரியர். எந்தப் பேச்சையும் "அவ்வளவுதான்" என்று முடிப்பார். அதனால் முற்றுப்புள்ளி. அவர் மூன்று விதிகள் வைத்திருந்தார். சுவரில் பெரிதாக எழுதியே ஒட்டியிருந்தார். கண்ணால் காணாத சொல்லுக்குப் பொருள் எழுதக் கூடாது என்பது முதல் விதி. அட்டையின் முன்பக்கம் சொல்லும் பொருளும் எடுத்துக்காட்டும் இருக்கும். பின்பக்கம், அந்தச் சொல் சொல்லும் காரியத்தை எங்கே, எப்போது, யார் செய்யப் பார்த்தோம் என்று எழுதி, செய்தவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டாவது, தனக்குத் தானே சாட்சியாக முடியாது. "தன் முதுகைத் தானே பாக்க முடியுமா? அவ்வளவுதான்." மூன்றாவதுதான் பொல்லாதது. தொடக்கத்தில் எல்லோரும் சுலபமான சொற்களை முடித்துவிட்டுக் கடினமானவற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். அதனால் ஓர் இழுப்பறையின் கடைசி அட்டையை யார் நிரப்புகிறாரோ அவரே அதைப் பூட்டலாம், அவர் பெயரே அந்த அதிகாரத்தின் தலைப்பில் அச்சாகும் என்று ஆக்கிவிட்டார். முன்னால் யார் எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் சரி.

என் இழுப்பறைக்கு ஆள் தேடி நான் தெருவில் அலையவில்லை. முப்பது சொல்லுக்கும் பொருத்தமான ஒருவரைக் கல்யாணமே செய்துகொண்டிருந்தேன். கையெழுத்து வாங்க எழுப்புவதுதான் சிரமமாக இருந்தது.

நிதானத்தின் கதை வேறு. அவள் வளர்ந்த வீட்டில் ஒரு மேசை, ஒன்பது வாய். முதலில் முடிப்பவருக்கு இரண்டாம் முறை சோறு விழும், கடைசி ஆளுக்குப் பாத்திரம் கழுவும் வேலை விழும். அவளுக்கு மூன்று வயது இளையவன் ஒரு தம்பி. தட்டு மேசையைத் தொடுவதற்குள் காலியாக்கிவிடுவான். பிறகு முழங்கையை ஊன்றிக்கொண்டு அக்காவின் தட்டையே பார்ப்பான். அவளுடைய எட்டாவது பிறந்த நாளுக்கு அம்மா ஒரே ஒரு முட்டை வேகவைத்துக் கொடுத்தாள். கடைசியாகத் தின்னலாம் என்று நிதானம் அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துக் காப்பாற்றினாள். உப்பு எடுக்கத் திரும்பினாள். திரும்பி வந்தபோது முட்டை இல்லை. தம்பியின் கன்னம் மட்டும் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

வேகத்தில் யாரையும் ஜெயிக்க முடியாது என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. அதனால் எதிர்த் திசையில் போனாள். எல்லோர் தட்டும் காலியானபோது தன் தட்டில் மட்டும் மிச்சம் இருக்க வேண்டும். அதைப் பார்த்து அவர்கள் எச்சில் விழுங்க வேண்டும். இவள் ஒவ்வொரு துணுக்காகக் கொறிக்க வேண்டும். ஊரார் பொறுமை என்று புகழ்ந்த குணம் அசல் பொறாமை. அவளே என்னிடம் ஒருநாள் ஒப்புக்கொண்டாள். "நான் மெதுவா சாப்பிடறது வயித்துக்காக இல்லடி. அடுத்தவன் வயித்தெரிச்சலுக்காக."

இப்படி அடுத்தவர் வாயைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அந்த இழுப்பறை அளவெடுத்துத் தைத்த சட்டை. நாற்பத்தொரு சொற்கள். நாமெல்லாம் "முழுங்கினான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற இடத்தில் அவள் கண்ணுக்கு நாற்பத்தொரு விதம் தெரிந்தது. நீதிமன்ற எழுத்தர் ஒருவர் மணி அடித்ததும் ஒரு கோப்பைத் தேநீரை ஒரே மடக்கில் உள்ளே தள்ளினார். அவர் கல்ப் என்கிற ஆங்கிலச் சொல்லுக்கு. முடிதிருத்துபவர் ஒருவர் இரண்டு தலைகளுக்கு நடுவில் ஒரு பன்னைச் சத்தம் வர வர லபக் லபக்கென்று தின்றார். அவர் காபிள். பணி மாறும் நேரத்தில் நர்ஸ் ஒருத்தி ரொட்டியை மெல்லாமல் இறக்கிக்கொண்டே நடந்துபோனாள். அவள் போல்ட். வங்கி மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு சூப்பை உறிஞ்சிய சத்தம் மூன்றாவது வரிசைக்குக் கேட்டது. அவர் ஸ்லர்ப். காருக்கு அடியில் மல்லாந்தபடி, நெஞ்சில் பாதியும் வாயில் பாதியுமாகக் குளிர்பானம் குடித்த மெக்கானிக் கஸில். "வண்டியும் இப்படித்தாங்க குடிக்குது" என்றான் அவன். அந்தப் பொருளையும் அட்டையில் சேர்த்துக்கொண்டாள்.

பார்ப்பது சுலபம். கையெழுத்து வாங்குவதைச் சொல்லுங்கள்!

"ஐயா, இங்க ஒரு கையெழுத்துப் போடறீங்களா?"

"எதுக்கும்மா?"

"நீங்க பன்னை லபக்குன்னு முழுங்கினதுக்கு."

முடிதிருத்துபவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். சுகாதாரத் துறையிலிருந்து வந்திருக்கிறாள் என்று பயந்து, கடையையே ஒரு முறை கழுவிவிட்டார். அவர் கழுவி முடிக்கும்வரை இவள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். கடைசியில் அவளைக் கிளப்பினால் போதும் என்று கையெழுத்துப் போட்டார். அவளிடம் எல்லோரும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

பதினான்கு ஆண்டுகளில் நாற்பது அட்டை நிரம்பிற்று. நாற்பத்தோராவது மட்டும் மேலும் நான்கு ஆண்டு காலியாகக் கிடந்தது. அது வுல்ஃப். ஓநாயின் பெயரைச் சொல்லித் தின்பது. ஆள் கிடைத்ததும் அட்டையில் ஏற்றுவதற்காக அவளே ஒரு பொருளைத் தனித்தாளில் எழுதிவைக்க, முற்றுப்புள்ளியும் தலையாட்டியிருந்தார். "கடும் பசியில், மெல்லாமல், பிறர் பறித்துவிடுவாரோ என்று பதறி, ஒரு துணுக்கும் பங்கு கொடுக்காமல் விழுங்குதல்." பசி இருந்தவருக்கு அவசரம் இருக்காது. அவசரம் இருந்தவர் நடுவில் நிமிர்ந்து, "நீங்களும் ஒரு வாய் எடுத்துக்கங்க" என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். மூட்டை தூக்குகிற ஒருவரை மூன்று நாள் பின்தொடர்ந்தாள். மூன்றாம் நாள் அவர் ரொட்டியில் பாதியை அவளுக்கே நீட்டினார். "மனுஷங்க இவ்வளவு நல்லவங்களா இருந்தா நான் எப்படி அகராதி எழுதறது?" என்று அலுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

நான் ஒருநாள் கேட்டேன். "ஏன்டி, உன் தம்பி இருக்கானே. அவனைவிட ஓநாய் வேணுமா? பஸ் ஓட்டிட்டு வந்து உக்காரும்போது போய்ப் பாரேன்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "என் முட்டையையும் தின்னுட்டு, புஸ்தகத்துல பேரும் வாங்குவானா அவன்?"

நான்கு ஆண்டு அட்டை காலியாக இருந்ததற்கு உண்மைக் காரணம் இதுதான். மனிதர்களுடைய நல்ல குணத்துக்கு அதில் பாதிப் பங்குதான்.

இந்த நேரத்தில் புதுசைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுசு என்பது தம்பியின் மனைவி. ஆறு ஆண்டுகளுக்கு முன் நிதானமே சிபாரிசு செய்து ஆபீசில் சேர்த்துவிட்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது. புதுசு படி ஏறும் சத்தமே வேறு. இரண்டிரண்டு படியாகத் தாண்டுவாள். டப்பாவைத் திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் நடுவில் நமக்கு ஒரு தும்மல் போட இடம் கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் கவளத்தை நீட்டி, "அண்ணி, ஒரு வாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் தின்பாள். அதனால் ஓநாய்க்கும் உதவமாட்டாள். அவளுக்கு நடத்தல், ஓடுதல் இழுப்பறையைக் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டில் முடித்து, சாவியைத் திருப்பி, அச்சுக்குப் போகும் பட்டியலில் பெயரையும் ஏற்றிவிட்டாள். பதினெட்டு ஆண்டாக நிதானம் ஒரு சாவியைக்கூடத் திருப்பியதில்லை.

அன்றிலிருந்து நிதானத்துக்கு வேறு கணக்கு. முற்றுப்புள்ளி புதுசிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "நல்லது" என்கிறார் என்று எண்ணினாள். ஒன்பது. தன்னிடம்? "பாப்போம்", இரண்டு. புதுசு புதுச் செருப்புப் போட்டு வந்தால், "ஓடறதுக்குத்தானே, நல்லா தேயட்டும்" என்பாள். புதுசுக்குத் தலைவலி என்றால்கூட, "எனக்கு வராத தலைவலி அவளுக்கு மட்டும் எங்கேருந்து வருது?" என்று கேட்டாள்.

ஒரு திங்கட்கிழமை முற்றுப்புள்ளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். அச்சகம் வெள்ளிக்கிழமை மாலைவரை காத்திருக்கும். முப்பத்தொரு இழுப்பறை பூட்டியாயிற்று, ஒன்று திறந்திருக்கிறது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஓநாய் வரலேன்னா அந்த அதிகாரமே புஸ்தகத்துல இருக்காது. நாப்பத்தொரு சொல்லும் வெளியே. தனியா கஷ்டப்பட வேணாம். புதுசும் சேர்ந்து தேடட்டும். யார் கொண்டுவந்தாலும் சரி. அவ்வளவுதான்."

நிதானத்தின் முகத்தை நான் பார்த்தேன். எட்டு வயதில் உப்பு எடுத்துக்கொண்டு திரும்பிய முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

புதுசு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கவலைப்படாதீங்க அண்ணி, உங்க தம்பியையே கூட்டிட்டு வரேன்" என்றாள். "வெள்ளிக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கறார். மதியம் ஒரு மணிவரைக்கும் ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிடறேன். கீழ சாப்பாட்டு மேசையில உக்காரவச்சு டப்பாவைத் திறந்தா போதும். நான் எழுதிக்கறேன்."

"அவன் பங்கு குடுத்துடுவான்" என்றாள் நிதானம்.

"யாரு, உங்க தம்பியா?" என்று புதுசு சிரித்தாள். "கல்யாணத்தன்னிக்கு என் கேக்கையே குடுக்கலை அண்ணி."



செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் அவள் ஓநாய் தேடி ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தாள். சிறை வாசலில் நின்றாள். பந்தய மைதானத்தில் நின்றாள். ஒரு விடுதியில் பரீட்சை முடிந்து வந்த மாணவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்து, காவலாளியிடம் திட்டு வாங்கினாள். எவனும் தேறவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை கொண்டுவந்த டப்பா புதன்கிழமையும் மூடியபடியே திரும்பிப் போயிற்று. மெதுவாகச் சாப்பிடுகிறவள் சாப்பிடாமலே இருந்தால் யாருக்குத் தெரியும்? அவள் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் புதுசு கீழே சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்று அடுக்கு. உரித்து வைத்த ஆறு முட்டை, வெண்ணெய் தடவிய முழு ரொட்டி, அடித்தட்டில் கேக் ஒரு துண்டு. மூடியைத் திறந்து எங்களுக்குக் காட்டிவிட்டு மூடினாள். அந்த அறை டயர் கடைக்குப் பின்புறம் இருந்தது. அங்கே எப்போதும் சூடான ரப்பர் நாற்றம்தான் அடிக்கும். அன்றைக்கு அதையும் மீறி வெண்ணெய் மணந்தது.

"வண்டியை நிறுத்த இடம் தேடிட்டிருப்பார். போய்க் கூட்டிட்டு வரேன். சாரையும் வரச் சொல்லுங்க" என்று புதுசு வெளியே ஓடினாள்.

மேசையில் நிதானம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் டப்பா.

"இதை எடுத்து அலமாரிக்குப் பின்னாடி வச்சிடலாமா?" என்றாள் நிதானம்.

"தப்புடி."

"அஞ்சு நிமிஷம்தான். அவன் வரட்டும், ஒண்ணுமில்லேன்னு போகட்டும்."

"தப்புன்னா அஞ்சு நிமிஷத்துக்கும் தப்புதான்."

அவள் டப்பாவை நகர்த்துவதற்காகத்தான் தொட்டாள். சத்தியமாகச் சொல்வேன். மூடி தளர்வாக இருந்தது, திறந்துகொண்டது. ஆறு முட்டை வெள்ளையாக, வழுவழுவென்று, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி அவளைப் பார்த்தன. அதே நேரத்தில் வாசலில் தம்பியின் குரல் கேட்டது. "எங்க சாப்பாடு? பசி உயிர் போகுது!" நாற்பது வருஷமாக மாறாத குரல். தொடர்ந்து அவன் பூட்ஸ் சத்தம்.

நிதானத்தின் கை தானாகப் போயிற்று. முதல் முட்டை உள்ளே போனதை நான் பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. இருந்தது, பிறகு இல்லை. அவள் தொண்டை மட்டும் ஒரு பாம்பு எலியை இறக்குவதுபோல ஒரு தரம் அசைந்தது.

கதவு திறந்தது. புதுசு, பின்னால் தம்பி, அவனுக்கும் பின்னால் முற்றுப்புள்ளி. மூவரும் அப்படியே நின்றார்கள். இரண்டாவது முட்டை. மூன்றாவது. இடது கையை டப்பாவைச் சுற்றி மதில் மாதிரி வளைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, நான்காவது. மெல்லவில்லை. மூச்சு விட்டாளா என்பதே சந்தேகம். அவள் முழுங்கிய வேகத்தில் மேசையில் இருந்த காகிதங்கள் அவள் பக்கமாகப் பறந்தன என்று நான் சொல்வேன். புதுசு மறுப்பாள். மறுக்கட்டும்.

"அக்கா! அது என் முட்டை!" என்று தம்பி ஒரு அடி முன்னால் வைத்தான்.

"கிட்ட வராதே!" அந்தக் குரல் நிதானத்தின் தொண்டையில் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தம்பி இரண்டு அடி பின்னால் போனான்.

ஐந்தாவது. ஆறாவது. பிறகு ரொட்டி. முழு ரொட்டியை அவள் பிய்க்கவேயில்லை, ரொட்டி தானாகவே குறைந்தது. காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழுந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. நாங்கள் அன்றைக்குப் பார்த்தது அந்த மாட்டையே தோற்கடிக்கும்.

புதுசு கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். பையிலிருந்து அந்தக் காலி அட்டையை எடுத்தாள். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே எழுத ஆரம்பித்தாள்.

பென்சில் கீறும் சத்தம் கேட்டதும்தான் நிதானம் தலை நிமிர்ந்தாள். வாய் நிறைய ரொட்டி. கண்ணில் மெல்ல மெல்ல ஒன்று விளங்கிக்கொண்டு வந்தது. நாலு வருஷமாகத் தேடிய ஓநாய் கிடைத்துவிட்டது. அதைப் பார்த்தவள் புதுசு.

முற்றுப்புள்ளி அட்டையை வாங்கி, சுவரில் ஒட்டிய விதிகளைப் படிக்கும் தொனியிலேயே வாசித்தார். "கடும் பசி. கடைசியா எப்பம்மா சாப்பிட்டே?"

நிதானம் விழுங்கிவிட்டு, "திங்கக்கிழமை" என்றாள்.

"சரி. மெல்லாமல். அதை நானே பாத்தேன். பறிச்சிடுவாரோன்னு பதறி, சரி. பங்கு கொடுக்காமல்." தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி இல்லையென்று சோகமாகத் தலையாட்டினான். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? பின்பக்கம் கையெழுத்துப் போடும்மா."

"போடலேன்னா?"

"அட்டை செல்லாது. இழுப்பறை திறந்தே கிடக்கும். நாப்பத்தொண்ணும் வெளியே. அவ்வளவுதான்."

நிதானம் அட்டையைக் கையில் வாங்கினாள். கையெழுத்துப் போட்டால் பதினெட்டு ஆண்டு உழைப்பின் தலைப்பில் தம்பி மனைவியின் பெயர். போடாவிட்டால் கடையைக் கழுவிய முடிதிருத்துபவரும், நடந்துகொண்டே தின்ற நர்ஸும், சூப்புச் சத்தத்துக்குக் கூச்சப்பட்டுக் கையெழுத்திட்ட மேலாளரும் குப்பைக் கூடைக்குப் போவார்கள். அவள் முன்பக்கத்தைப் படித்தாள். பொருள் அவள் எழுதியது. ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதற்குக் கீழே புதுசு எழுதிய எடுத்துக்காட்டைப் படித்தாள். அங்கேதான் அவள் நின்றுவிட்டாள்.

"அஞ்சு முட்டைன்னு எழுதியிருக்கே."

"ஆமா அண்ணி."

"ஆறு."

"நான் உள்ள வந்தப்போ டப்பாவுல அஞ்சுதான் இருந்தது. பாத்ததைத்தானே எழுத முடியும்?"

"தின்னது நான்! எனக்குத் தெரியாதா ஆறுன்னு?"

"தன் முதுகைத் தானே பாக்க முடியாது" என்றார் முற்றுப்புள்ளி. "ஆறாவதை வேற யாராவது பாத்தீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிதானமும் பார்த்தாள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் பார்த்தவள் நான். நான் வாயைத் திறந்தால் நானே சாட்சியாகிவிடுவேன், சாவி எனக்கு வரும். முப்பது குறட்டைகளுக்குத் தலைப்பில் என் பெயர் வரப்போகிறது, யார் படிப்பார்கள் அதை? இது தின்கிற அதிகாரம். எல்லோரும் படிப்பார்கள். எனக்கும் நாக்கில் ஊறத்தான் செய்தது. நிதானத்தின் கண்ணைப் பார்த்தேன். "நீயுமா?" என்று அது கேட்டது. தம்பி தின்றான், அவன் மனைவி தின்றாள், அடுத்து நீயுமா?

"நான் தூங்கிட்டிருந்தேன்" என்றேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. என் இழுப்பறை அப்படி.

"அப்போ அஞ்சு. அவ்வளவுதான்."

நிதானம் கையெழுத்துப் போட்டாள். முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவில் முன்பக்கத்து டயர் கடையில் இரண்டு டயர் மாற்றினார்கள். நாங்கள் எல்லோரும் இரும்புப் படி ஏறி மேலே போனோம். புதுசு பித்தளைச் சாவியை இழுப்பறையில் நுழைத்துத் திருப்பினாள். அந்தச் சத்தத்துக்கு நிதானம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணி, கோபமா?"

"எனக்கென்ன கோபம்? நல்லா தேயட்டும் சாவி."

வாசலில் நின்ற தம்பிதான் அழுகிற மாதிரி சொன்னான். "விடிகாலைலேருந்து பட்டினி. ஒண்ணுமே மிச்சம் இல்லையாக்கா?"

நிதானம் திரும்பினாள். டப்பாவின் அடித்தட்டு அவள் கையில்தான் இருந்தது. கேக் துண்டு அப்படியே இருந்தது. அவள் தன் மேசைக்கு வந்தாள். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றாள். தம்பி ஆசையாக உட்கார்ந்து முழங்கையை ஊன்றினான். அவள் கரண்டியின் நுனியால் ஒரு துணுக்கு எடுத்து, தன் வாயில் போட்டு, மெல்ல ஆரம்பித்தாள். அப்போது மணி இரண்டு.

மூன்று மணிக்கு, "அக்கா, ஒரே ஒரு வாய்..." என்றான்.

"பொறு. இன்னும் முடிக்கலை."

நாலரைக்கு அட்டைகளை எடுத்துப்போக அச்சகத்து ஆள் வந்தபோது தட்டில் இன்னும் ஒரு துணுக்கு இருந்தது. தம்பி வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு மகிழ்ச்சியான நிதானத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

புத்தகம் வந்தது. அதிகாரத்தின் தலைப்பில் புதுசின் பெயர் எறும்பு அளவில் இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. எல்லோர் கண்ணிலும் பட்டது நாற்பத்தோராவது சொல்லின் எடுத்துக்காட்டுதான். "தம்பி வருவதற்குள் தின்றுவிட, நிதானம் ஐந்து முட்டைகளை ஓநாய்போல் விழுங்கினாள்." பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆசிரியைகள் ஆபீசுக்கு வந்து, "நிதானம் யாருங்க?" என்று எட்டிப் பார்த்தார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். புதுசு பக்கத்து மேசையில் உட்கார்ந்து யாராவது தன் பக்கம் திரும்புவார்களா என்று பார்ப்பாள். ஒருநாள் என்னிடம் பொருமினாள். "பூட்டினது நானு. பேர் வாங்கினது அவங்க வாய்." அன்றைக்கு அவள் டப்பாவைத் திறந்துவிட்டு, முதல் கவளத்தை யாருக்கும் நீட்டவில்லை.

நிதானத்துக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை. எங்காவது அந்த அகராதி உங்கள் கைக்குக் கிடைத்தால், அதுவும் நூலகத்துப் பிரதியாக இருந்தால், தின்கிற அதிகாரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து என்பதன்மேல் பென்சிலால் ஒரு கோடு இருக்கும். மேலே, சற்றே சாய்ந்த இடது கை எழுத்தில், ஆறு.